இலுப்பைப் பலகை

முழுக் கறுப்பாக வந்திருக்க வேண்டிய தாளில் ஒரு முகம் இருந்தது.

மணிமொழி தாளை ஓரங்களில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் வந்து வெளிச்சத்தில் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, காட்சியகத்துக்கு வார விடுமுறை. கோட்டைச் சாலையில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. பட்டறை என்று பெயர்தானே தவிர, அது காட்சியகத்தின் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு கொட்டகை. மதியத்துக்கு மேல் ராஜகிரிப் பாறைகள் காலையிலிருந்து வாங்கி வைத்த வெயிலையெல்லாம் திருப்பி அனுப்ப ஆரம்பித்ததும் அந்தத் தகரம் விரிந்து டக் டக்கென்று சொடுக்கும், அச்சு மையின் எண்ணெய் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் புதுமரத்தின் இனிப்பான நெடியும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் வந்து உட்காரும். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போய் நாளாகிவிட்டது.

கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு செஞ்சிக்கு வருகிற கூட்டம் கூடிப்போனது. வந்தவர்களைச் சும்மா கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டி அனுப்பாமல், கையில் ஏதாவது கொடுத்து உட்காரவைக்க வேண்டும் என்று மேலாளர் தனசேகரன் கொண்டுவந்ததுதான் இந்த மர அச்சு. சனி, ஞாயிறுகளில் நீள மேசை போட்டு, ஆளுக்கு ஒரு சிறு பலகையும் ஒரு செதுக்குளியும் கொடுப்பார்கள். கூட வந்தவர் முகத்தைப் பலகையில் வரைந்து செதுக்க வேண்டும். ரோலரால் மை உருட்டி, மேலே தாளை வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தால் அச்சு. "வெட்டின எடம் வெள்ளையா வரும், விட்ட எடம் கறுப்பா வரும். வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது, நிதானமா வெட்டுங்க" என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் மணிமொழி சொல்லுவாள். அச்சு அவர்களுக்கு, பலகை கூடைக்கு.

கூடையில் சேர்ந்ததை விடுமுறை நாளில் இழைப்புளி போட்டுத் தள்ளி, அடுத்த வாரத்துக்கு வழவழப்பாக்கி வைப்பதும் அவள் வேலைதான். பலகை என்ன, சும்மாவா கிடைக்கிறது? இழைத்து முடித்ததும் சமமாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை மை உருட்டித் தாளில் ஒற்றிப் பார்ப்பாள். எங்காவது பள்ளம் இருந்தால் அங்கே வெள்ளை விட்டுப்போகும். ஒழுங்காக இழைத்திருந்தால் தாள் முழுக்க ஒரே கறுப்பு. இதுவரை அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பலகை புது வரவு. புயலில் அகழிக்கரையோடு சாய்ந்த பெரிய இலுப்பை மரத்தை அறுத்து வாங்கிய பலகைகள் போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக மேசைக்கு வந்திருந்தன. விரல் கனம்தான் இருக்கும், ஆனால் தூக்கினால் கல். மரத்தின் வளையங்கள் தலைமயிர் கனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. அறுத்த ஆள் வயதைக் கணக்குப் போடப் பார்த்து, கண் வலித்து விட்டுவிட்டானாம்.

தாளில் இருந்த முகம் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. தளவானூரிலிருந்து கல்யாண நாளைக் கொண்டாட வந்த ஜோடி. ரஞ்சிதம் என்று அந்தப் பெண் பெயர் சொன்னாள், அவள் செதுக்க, புருஷன் தேவேந்திரன் எதிரே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு காதும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

"மீசைய கொஞ்சம் பெருசா போடுடி."

"இருக்கறதத்தான் போட முடியும். வேணும்னா காத கொறைக்கிறேன்."

மேசை முழுக்கச் சிரித்தது. மணிமொழியும் சிரித்தாள். ரஞ்சிதம் தலைமுடியைச் செதுக்கத் தெரியாமல் அப்படியே கறுப்பாக விட்டதும் நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது தாளில் அந்த முடி நரைத்திருந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்கிற மொண்ணை உளியால் கனவிலும் வெட்ட முடியாத மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு முடி. கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது. காது மட்டும் அதே காது.

பள்ளம் ஆழமாகப் போயிருக்கும், சரியாக இழைக்கவில்லை, அவ்வளவுதான் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். பலகையைத் துடைத்து மறுபடியும் மேசையில் பூட்டி, நல்ல அழுத்தமாகவே இழைத்தாள். சுருள் சுருளாக மரம் உரிந்து காலடியில் விழுந்தது. விரலால் தடவினால் கண்ணாடி போல இருந்தது. மை உருட்டினாள், தாளை வைத்துத் தேய்த்தாள், உரித்தாள்.

கண் மூடியிருந்தது. தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு வெள்ளைப் பட்டை சுற்றி ஓடியது. நெற்றி நடுவில் வட்டமாக ஒரு வெள்ளை. அது என்ன என்று கேட்கவே வேண்டாம். மாமனார் செத்தபோது வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்து வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியதும், நெற்றியில் காசு ஒட்டியதும் அவளும் சேர்ந்து செய்ததுதான்.

பலகையை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். கூடையில் மிச்சமிருந்ததைத் தொடவே இல்லை. ஆபீஸ் அறையில் தனசேகரன் போனில் பேசிக்கொண்டிருந்தார், தாளைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்குது. யாரு செதுக்குனது? ஃபிரேம் போடலாமே."

"சார், இது யாரும் செதுக்கல. இழைச்சப்புறம் வந்தது."

"பிளேடு மழுங்கிப் போயிருக்கும், சாணை புடிக்கச் சொல்லு" என்றுவிட்டு அவர் மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வந்து கூட்டுரோட்டில் இறங்கியவள், சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்தில் தேவேந்திரன் கல்யாணத்துக்கு எடுத்த மாதிரி கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், துருத்திய காதுகளுடன். பக்கத்தில் நின்றிருந்த விருத்தாம்பாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். விருத்தாம்பாள் காட்சியகத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். அதே ஊர், அதே பஸ். ஊர் சேதி ஒன்று விடாமல் அவள் வாயில் இருக்கும்.

"தெரிஞ்சவரா? எங்க அக்கா ஊருடி இவுரு. நல்லா கிண்ணுனு இருந்த மனுசன், ஒரே நாள்ல தலயெல்லாம் நரைச்சி எலும்பும் தோலுமா போயிட்டாராம். பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கினு போயி பாத்துட்டாங்க, ஒன்னும் இல்லன்னுட்டாங்க. பொண்டாட்டி அழுவறத பாக்க முடியலியாம். நீ இன்னாடி இப்டி வேர்த்துப் போற?"

மணிமொழிக்கு அந்த நிமிஷம் தேவேந்திரன் ஞாபகத்திலேயே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, மேசை ஓரத்தில் ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, சுவர்க் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்தைத் தானே செதுக்கிய இன்னொரு ஆள் இருந்தாள். தமிழினி. அவள் பெண்.

ஏழு வருஷம் கோயில் குளமெல்லாம் சுற்றி, ஆஸ்பத்திரிகளில் ஊசி குத்திக்கொண்டு, இனி இல்லை என்று ஊரே சொன்ன பிறகு பிறந்த பெண். புருஷன் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான், பொங்கலுக்கு வருவான், சில பொங்கலுக்கு வரமாட்டான். "நைனா எப்ப வரும்?" என்று கேட்பதைக்கூடத் தமிழினி விட்டுவிட்டாள். அம்மாவும் பெண்ணும்தான் வீடு. மணிமொழிக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், நாலாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லுவாள்.

அன்றைக்கே கூடையைக் கிளறிப் பெண்ணின் பலகையை எடுத்துப் பழந்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இழைப்புளி மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க ஆள் வரவில்லை என்று தனசேகரனிடம் சொல்லி மற்ற பலகைகளையும் மூட்டை கட்டி மூலையில் போட்டாள். இதைத் தொடக்கூடாது, யாரும் தொடக்கூடாது, வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். முடிவு செய்தபோது மனசு கொஞ்சம் அடங்கியது.

ஆனால் ஞாயிறு முழுக்க அடங்கிய மனசு திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி எழுந்துகொண்டது. தமிழினி கண்ணாடி முன்னால் நின்று, கத்தரிக்கோலால் முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். கோணல்மாணலாக, ஒரு பக்கம் புருவம் வரை, ஒரு பக்கம் பாதி நெற்றிக்கு.

"யாரக் கேட்டுடி வெட்டுன?"

"காத்துல கண்ணுல வுழுதும்மா. நல்லா இல்லியா?"

திட்ட ஆரம்பித்தவள் சிரித்துவிட்டாள். ராத்திரி சோற்றைப் பிசைந்து ஊட்டியபோது தமிழினி இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. காதுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு லேசாகச் சுட்டது. குழந்தைகளுக்கு வராத காய்ச்சலா? எல்லா அம்மாக்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மணிமொழியால் நினைக்க முடியவில்லை. விடிகிற வரைக்கும் பெண்ணின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மேலாளர் விழுப்புரம் போயிருந்தார். ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு அடியில் பாயைப் போட்டுத் தமிழினியைப் படுக்கவைத்து, விருத்தாம்பாளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு வந்தாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அதுதான் விஷயம். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகப் போய்ப் பெண்ணுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். அந்தப் பலகை தேவேந்திரனுக்கு வந்ததைச் சொன்னது. இதுவும் ஏதாவது சொல்லும். நல்லதாகச் சொல்லக்கூடாதா என்ன?

வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகையைத் துணி பிரித்து மேசையில் பூட்டினாள். தமிழினி செதுக்கிய முகம் மேலே பார்த்துச் சிரித்தது, ஒரு கண் பெரிதாக, ஒரு கண் சின்னதாக. முன்முடி செதுக்காத நெற்றி. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் செதுக்கியது அல்லவா?

ஒரே ஒரு தள்ளு. கையை அழுத்தவே இல்லை. இழைப்புளி முனகிக்கொண்டு போய் நின்றது. சுருள்கூட முழுசாக வரவில்லை, பூவேலை செய்த துணி போல ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய துணுக்கு. மை உருட்டும்போது ரோலர் சப்புக்கொட்டுகிற அந்தச் சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. தாளை வைத்தாள். கரண்டியைத் தேய்த்தாள். தகரம் டக்கென்றது.

உரித்தாள்.

முதலில் முன்முடி தெரிந்தது. கோணல்மாணலாக, ஒரு பக்கம் புருவம் வரை, ஒரு பக்கம் பாதி நெற்றிக்கு. நேற்று வெட்டிய முடி. யாரும் செதுக்காத முடி. அதற்குக் கீழே மூடிய கண்கள். உப்பிப்போன கன்னம். தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரைக்கும், வெள்ளையாக, அகலமாக, துணி.

தாளைப் போட்டுவிட்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள். ஆபீஸ் அறைக் கதவைத் தள்ளினாள். தமிழினி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக. தாடையில் எந்தத் துணியும் இல்லை. விருத்தாம்பாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, பேய் தொரத்துதா? பாப்பா தூங்குது. லேசா சுடுது, வேற ஒன்னுமில்ல. போயி உன் வேலையப் பாரு."

குனிந்து பெண்ணின் நெற்றியில் முத்தம் வைத்தாள். சூடு. எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? தேவேந்திரனைத் தூக்கிக்கொண்டு ஓடாத இடமா? ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள். அதே முன்முடி என்றால், முடி வளர்வதற்குள். இந்த வாரமா? நாளைக்கா?

பட்டறைக்குத் திரும்பி வந்து தரையில் தவழ்ந்து அந்தத் துணுக்கைத் தேடினாள். கிடைத்தது. பசை தடவி, எடுத்த இடத்திலேயே வைத்து ஒட்டப் பார்த்தாள். விரல் பட்டதும் நொறுங்கியது. ஈரத்துணியை வைத்து இன்னொரு தடவை முயன்றபோது மாவாகிக் கையில் ஒட்டிக்கொண்டது. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், திரும்ப ஒட்ட முடியாது என்று! நெற்றியை மேசையில் முட்டிக்கொண்டு அழுதாள்.

எரித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெண்ணின் முகத்துக்கு நெருப்பு வைப்பதா என்று நினைத்ததுமே உடம்பு பதறியது. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. தேவேந்திரன் பலகையில் செத்த முகம் வந்ததும் அவள் என்ன செய்தாள்? பயந்து, அப்படியே பூட்டி வைத்தாள். அந்த முகம் அலமாரிக்குள் இருந்தது, அவர் செத்தார். இருந்ததால்தானே செத்தார். அன்றைக்கே அந்த முகத்தை இழைத்துத் தள்ளியிருந்தால்? பலகையிலேயே இல்லாமல் போயிருந்தால்?

இந்த முகம் இருக்கக்கூடாது. அதுதான், அது ஒன்றுதான் வழி. அவளுக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்றுகூட நினைத்தாள். மை உருட்டிப் பார்க்கப்போவதில்லை. அடியில் என்ன வந்தாலும் பார்க்கப்போவதில்லை. பலகை முடிகிற வரைக்கும்.

இழைப்புளியின் கத்தியைச் சுத்தியலால் தட்டி இறக்கினாள்.

முதல் தள்ளு. இரண்டாவது. மரம் கிறீச்சிட்டது. சுருள் கையில் மோதி விழுந்தது. பார்க்கவில்லை. கண்ணை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டாள். வேர்வை சொட்டி மரத்தில் விழுந்தது, அதையும் சேர்த்து இழைத்தாள். இலுப்பை வாசனை கனத்து வந்தது. முதலில் பூ மாதிரி இனிப்பு. பிறகு பழம். பிறகு அழுகல். வெளியே யாரோ கூப்பிடுவது போல இருந்தது. தகரம்தான். தள்ளு. தோள் எரிந்தது. தள்ளு. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது. என் பொண்ணு. தள்ளு. ஏழு வருஷம். தள்ளு. யாருக்கும் தரமாட்டேன். தள்ளு. முழங்கால் வரைக்கும் சுருள். மூக்கில் மரத்தூள். தள்ளு. தள்ளு.

இழைப்புளி மேசை முளையில் மோதி நின்றது. அதற்கு மேல் இழைக்க மரம் இல்லை. பலகை அப்பளம் கனத்துக்கு வந்திருந்தது. எடுத்துத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. கொட்டகை அமைதியாகிவிட்டது.

"ஏன்டி, எத்தினி வாட்டி கூப்புடறது? காது அடைச்சிப்போச்சா?"

விருத்தாம்பாள் வாசலில் நின்றிருந்தாள், இரண்டு கையிலும் மஞ்சள்.

"பாப்பாவுக்குக் கன்னம் வீங்கிடுச்சிடி. பயந்துறாத, பொன்னுக்கு வீங்கிதான். ஊர்ல பாதி புள்ளைங்களுக்கு இருக்குது இப்ப. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு பத்து போட்டு, வுழாம இருக்க தாடையோட சேத்து வெள்ளத் துணி கட்டி வுட்டுருக்கேன். வலிக்குது போல, கண்ண மூடிக்கினு படுத்திருக்குது. என் சங்கிலியக் கூட கழட்டி அதுங்கழுத்துல போட்டேன். பொன்னு போட்டா சீக்கிரம் வத்தும்."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொன்னுக்கு வீங்கி! அவளுக்கும் சின்ன வயதில் வந்ததுதான், இதே போலத் துணி கட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியதுதான். காலடியில் கிடந்த அச்சுத் தாளை எடுத்தாள். உப்பிய கன்னம், கண் மூடிய முகம், துணி. நெற்றியில் காசு இல்லை. துணியைப் பார்த்தவள் காசு இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

சிரிப்பு நின்றது.

மடியில் கிடந்த ஒரு சுருளை எடுத்தாள். விரலால் மெதுவாகப் பிரித்தாள். ஓட்டை ஓட்டையாகக் கோடுகள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டைகளின் வழியே ஒரு பெண் பார்த்தாள், பெரிய தோடு போட்டு, தலையைச் சாய்த்து. தமிழினியின் கண்தான். இருபது வயது இருக்கும். இன்னொரு சுருள். மூக்குக் கண்ணாடி, கன்னத்தில் சதை பிடித்து, ஏதோ ஜோக் கேட்டுச் சிரிக்கிற முகம். இன்னொன்று. காதோரம் நரை. இன்னொன்று. இன்னொன்று. எவ்வளவு நீளமான ஆயுசு! எவ்வளவு சிரிப்பு! ஒவ்வொன்றும் பிரிக்கப் பிரிக்க நொறுங்கியது. தேவேந்திரனுக்கு வரப்போவதைப் பலகை சொல்லவில்லை. அவருக்கு இருந்ததை இவள் இழைத்துத் தள்ளியிருந்தாள்.

"இன்னாடி பண்ற? எழுந்திரு" என்ற விருத்தாம்பாள் பேச்சை நிறுத்தினாள். முற்றத்தில் யாரோ நடந்து வருகிற சத்தம். காலைத் தூக்காமல், இழுத்து இழுத்து. சுவரைத் தடவுகிற கை. விருத்தாம்பாள் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிச் சரிந்தாள்.

"அம்மா."

குரல் கரகரத்துப்போயிருந்தது. வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வளைந்த முதுகோடு ஒரு உருவம் நின்றது. காலையில் மாட்டிவிட்ட பூப்போட்ட கவுன் தோளில் தையல் விட்டுக் கிழிந்து தொங்கியது. கவுனின் கைக்கு வெளியே எலும்பான நீளக் கைகள். சுருங்கிய கழுத்தில் விருத்தாம்பாளின் சங்கிலி. தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, அதன் ஓரத்தில் காய்ந்த மஞ்சள். பஞ்சாக வெளுத்த தலைமுடி இடுப்பு வரை.

அவள் தரையைத் தடவிக்கொண்டே வந்தாள், சுருள்களை நசுக்கிக்கொண்டு. கண் இரண்டும் பால் படிந்திருந்தன. கை மணிமொழியின் முழங்காலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. அந்தத் தொடுகை மணிமொழிக்குத் தெரியும், தூங்குவதற்கு முன்னால் தினமும் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள். முப்பத்தெட்டு வயது மடியில் அந்தக் கிழவி தலையை வைத்துப் படுத்தாள். மணிமொழி ஒரு கையால் அந்த வெளுத்த முடியைக் கோதினாள். இன்னொரு கையில் பலகை இருந்தது. வெளியிலிருந்து வந்த காற்றில் அது வளைந்து லேசாக முறுகியது. கீழே வைக்கவும் பயமாக இருந்தது, பிடித்துக்கொண்டிருக்கவும் பயமாக இருந்தது. மூச்சைக்கூட அவள் மெதுவாக விட்டாள்.

"ஒன்னுமே சரியா தெரியலம்மா" என்று மடியிலிருந்து பல்லில்லாத வாய் சொன்னது. "நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டுக்கட்டா?"